மரநோயை வரைபடத்தில் தேடுவது எப்படி? வேலூர் வேப்பமரத்திலிருந்து ஜவ்வாது மலைச் சந்தனம் வரை

நான் செய்த முதல் நோய் வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலைச் சரிவு ஒன்று முழுக்கச் சிவப்பு. செயற்கைக்கோள் படத்தில் பசுமை அளவு சடாரென்று விழுந்திருந்தது. காட்டில் ஏதோ பெருநோய் பரவுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வரைபடத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, வனத்துறை வாட்சர் அண்ணன் ஒருவரோடு விடியற்காலையில் ஏறினேன். ஒன்றரை மணி நேர நடை. சிவப்பு அடித்த இடத்துக்குப் போனதும் அவர் தாளையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது எல்லாம் வெக்காலி. மாசியில இலை கொட்டுற மரம். ரெண்டு கோடை மழை விழட்டும், அப்புறம் வந்து பாருங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் ரொம்ப உறைத்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் ஒரு சாரார் கணினிப் பக்கமிருந்து வருகிறார்கள், இன்னொரு சாரார் தாவரவியல், வனவியல் பக்கமிருந்து. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதல் வருடம் செய்கிற தப்பு ஒன்றுதான்: படத்தில் தெரிவதை நோய் என்று நினைத்துக்கொள்வது. படத்தில் தெரிவது மரத்தின் முகவாட்டம். பசியா, தாகமா, காய்ச்சலா என்பதைக் கிட்டே போய்த்தான் கேட்க வேண்டும். இன்று மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்வதாக இருந்தால் எந்த வரிசையில் கற்றுக்கொள்வேனோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

தெருவில் இருக்கிற வேப்பமரத்தில் தொடங்குங்கள்

காட்டுக்குப் போக அனுமதி வேண்டும், வண்டி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். வேப்பமரத்துக்கு எதுவும் வேண்டாம். வேலூரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் வேம்பு இருக்கிறது, அதற்கு நோயும் இருக்கிறது. மழைக்காலத்தில் நுனிக்கிளைகள் எல்லாம் தீயில் வாட்டியது போலப் பழுப்பாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வேப்பமரம் பட்டுப்போகிறது என்று ஊர் பேசும். சாமி குற்றம் என்றும் சொல்வார்கள், செல்போன் டவர் என்றும் சொல்வார்கள். அது நுனிக்கருகல் நோய். போமோப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை அதற்குக் காரணம். தேயிலைக்கொசு என்கிற பூச்சி சாற்றை உறிஞ்சினாலும் நுனி ஏறக்குறைய அதே மாதிரி வாடும். இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்தும் இருக்கும். பூச்சி குத்திய இடத்தில் பிசின் கசிந்து நிற்கிறதா என்று பாருங்கள். தூரத்திலிருந்து இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகாயத்திலிருந்து கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். தினமும் போய்வரும் பாதையில் முப்பது வேப்பமரங்களைத் தேர்ந்தெடுங்கள். நோய் தெரிகிற மரமாகப் பார்த்து எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவது போல, ஒவ்வொரு ஐந்தாவது மரம் என்று எடுங்கள். எண் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரே பக்கத்தில் நின்று, ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரு போட்டோ. கூடவே ஒரு மதிப்பெண். தலைப்பகுதியில் கருகலே இல்லையென்றால் 0, கால் பங்குக்குள் இருந்தால் 1, அரைக்குள் 2, முக்காலுக்குள் 3, அதற்கு மேல் 4. நண்பர் ஒருவரை அழைத்துப் போய் அதே மரங்களுக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். உங்கள் 2 அவருக்கு 3 ஆக இருக்கும். அந்தச் சண்டையைத் தெருவிலேயே முடித்துவிட்டால், நாளைக்கு ஐந்து பேர் கொண்ட குழு காட்டில் ஐந்து விதமாக எழுதாது.

ஒரு வருடம் இதைச் செய்தால் இன்னொன்றும் பிடிபடும். கார்த்திகையில் 4 வாங்கிய மரம் பங்குனியில் புதுத்துளிர் விட்டு, சித்திரைப் பச்சடிக்குப் பூவும் கொடுத்துக்கொண்டு நிற்கும். அதைப் பட்டுப்போன மரம் என்று கணக்கில் எழுதியவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

காலண்டரைச் சுவரில் மாட்டுங்கள்

நம் பக்கத்துக் காடு பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. தை, மாசியில் இலை கொட்டும். பிப்ரவரியிலிருந்து மே வரை காட்டுத்தீக் காலம். கோடை மழை விழுந்ததும் துளிர்க்கும். ஜூனிலிருந்து தென்மேற்கில் கொஞ்சம், அக்டோபரிலிருந்து வடகிழக்கில் கொஞ்சம் என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. ஒவ்வொரு மாற்றமும் படத்தில் நோய் போலவோ, நோயிலிருந்து தேறியது போலவோ வேஷம் போடும். அதனால் ஜனவரிப் படத்தை ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிடாதீர்கள். இந்த ஆகஸ்டை முந்தைய ஆகஸ்டுகளோடு ஒப்பிடுங்கள்.

அதிலும் எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் காடே காய்ந்து கிடந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாத வெள்ளம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்ற வரைபடம் போட்டால் மாவட்டம் முழுவதும் குணமாகிவிட்டது போலத் தெரியும். அடிப்படைக்கு ஒரே ஒரு வருடத்தை எடுக்காமல், ஐந்தாறு வருடங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள். பக்கத்து மழைமானி அளவுகளையும் கூடவே வையுங்கள்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். வேப்பங்கருகல் ஆகஸ்டில் தலைகாட்டி, அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்குப் போகும். அப்போதுதான் வானம் மூடிக்கொள்ளும். இலவசப் படம் தருகிற ஐரோப்பாவின் சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களுமாகச் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் போகிறது. ஆனால் மழை மாதத்தில் முழு மாதத்துக்கும் ஒரு தெளிவான படம் கிடைக்காமல் போகலாம். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் இருக்கிறதே என்பார்கள். அது மரத்தின் கட்டமைப்பையும் ஈரத்தையும் சொல்லும், இலை பழுத்ததா கருகியதா என்று சொல்லாது. மேகம் மறைத்த பகுதிகளைக் கழித்துவிடும் மேக முகமூடியைக் கண்டிப்பாகப் போடுங்கள். போட்ட பிறகு மிச்சமிருக்கிற மேக நிழலைக் கண்ணாலும் பாருங்கள். மலைச்சரிவில் மேக நிழலும் நோய்த்திட்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

பிக்சல் கணக்கு

பச்சை இலை சிவப்பு ஒளியைச் சாப்பிட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் எல்லோரும் சொல்கிற என்டிவிஐ. நல்ல மரம் அகச்சிவப்பில் 0.40, சிவப்பில் 0.05 திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள்: 0.35-ஐ 0.45-ஆல் வகுத்தால் 0.78. வாடிய மரம் 0.30, 0.10 என்றால் 0.50. கணக்கு அவ்வளவுதான், பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அந்த 0.50 எதனால் வந்தது என்பது கணக்கில் இல்லை. புல்லுருவி ஏறிய மரமும், ஆட்டுக்குத் தழை ஒடித்த மரமும், தீ நக்கிய மரமும் அதே எண்ணைத்தான் கொடுக்கும்.

இலையின் பச்சையம் குறையத் தொடங்கும்போது முதலில் அசைவது சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள சிவப்பு விளிம்பு. சென்டினல்-2-இல் 705, 740, 783 நானோமீட்டரில் அதற்கென்றே மூன்று அலைவரிசைகள் இருக்கின்றன. அவை 20 மீட்டர் பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர். அண்மை அகச்சிவப்பும் சிவப்பும் 10 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர். ஆனால் அதன் சேமிப்பு 1972 வரை பின்னால் போகும், 2008-இலிருந்து எல்லோருக்கும் இலவசம். நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் வரிசையின் லிஸ்-4 கருவி 5.8 மீட்டர்.

இப்போது ஒரு சந்தன மரத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பரப்பின் விட்டம் 4 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 12.6 சதுர மீட்டர். ஒரு சென்டினல் பிக்சல் 100 சதுர மீட்டர். அந்தப் பிக்சலில் எட்டில் ஒரு பங்குதான் சந்தனம். மீதி உண்ணிச்செடி, பாறை, பக்கத்து மரம். இலவசச் செயற்கைக்கோள் படத்தில் ஒற்றைச் சந்தன மரத்தின் நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது படம் காட்டினால், மரியாதையாக இந்தக் கணக்கைக் கேளுங்கள். 12 மீட்டர் அகலம் விரிந்த பெரிய வேப்பமரம்கூட ஒரு பிக்சலுக்குள் ஒழுங்காக உட்காராது, நான்கு பிக்சல்களில் காலை நீட்டிப் படுத்திருக்கும். செயற்கைக்கோள் மரக்கூட்டத்துக்கு. ஒற்றை மரத்துக்கு டிரோனும் கால்களும்.

வரைபடத்தின் கால் தரையில் இருக்கட்டும்

இந்தப் பகுதி சலிப்பூட்டும், ஆனால் நிறையப் பேர் விழுவது இங்கேதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் யூடிஎம் (UTM) என்கிற உலக வரைபடக் கட்டமைப்பில் 44 வடக்கு மண்டலம்; மென்பொருளில் கொடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி (EPSG) குறியீட்டு எண் 32644. மண்டலம் 78 பாகை கிழக்கில் தொடங்குகிறது. ஓசூர் 43-இல் விழும். கர்நாடகப் பக்கத்துத் தரவையும் நம்முடையதையும் சேர்க்கிறவர்கள் கவனிக்க. மண்டலம் மாறினால் பரவாயில்லை, புள்ளி எங்கோ போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

ஆபத்து சின்னப் பிழையில் இருக்கிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடத் தாள்கள் (ஜவ்வாது மலைக்கு 57L, 57P வரிசைகள்) எவரெஸ்ட் கோளவடிவம் என்ற பழைய பூமி அளவீட்டில் வரைந்தவை. செல்போன் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) என்ற வேறு அளவீடு. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நூறு மீட்டருக்கு மேலும் விலகலாம். என் மாதிரிப் புள்ளிகள் ஒரு முறை ஓடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. ஓடையோர ஈரக்காட்டில் இருந்ததாக எழுதிய மரங்கள் எல்லாம் உண்மையில் வறண்ட மேட்டில் நின்றவை. ஒரு வாரம் யோசித்தேன், ஈரத்தில் ஏன் இவ்வளவு வாட்டம் என்று. கோட்பாடு ஒன்றைக்கூட எழுதிப் பார்த்தேன், அதை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) இலவசம். கியூஃபீல்டு செயலியில் அதே வரைபடத்தைப் போனில் எடுத்துப் போகலாம், சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யும். வருடக்கணக்கான படங்களை ஒன்றாக அலச கூகுள் எர்த் எஞ்சின், வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு இலவசம். நிரல்மொழிகளில் ஆர் (R) அல்லது பைத்தான், ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு திரிவதைவிட ஒன்றைக் கைக்குப் பழக்குங்கள்.

அனுமதியும் ஆட்களும்

காப்புக்காட்டுக்குள் ஆராய்ச்சி என்று எழுத்தில் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். விண்ணப்பம் போகிற வேகம் உங்கள் கையில் இல்லை. களவேலைக்கு நினைத்த தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கடிதம் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மாவட்ட வன அலுவலரிடம் ஒரு நகல், வனச்சரகரிடம் ஒரு நகல் கொடுத்து, அந்த பீட்டின் (காவல் பகுதியின்) வனக்காப்பாளரை நேரில் பார்த்து, போகிற நாளுக்கு முந்தின மாலை போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வடஆற்காடு 1989-இல் பிரிந்தது, வேலூர் 2019-இல் மூன்றானது. பழைய அறிக்கையில் வடஆற்காடு என்று இருக்கிற சரிவு இன்று எந்த மாவட்டம், எந்தச் சரகம் என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். ஒரே மலையின் ஒரு பக்கம் திருப்பத்தூர், இன்னொரு பக்கம் திருவண்ணாமலை, கீழே வேலூர்.

மலைமேல் இருக்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மரத்தின் பெயர் தெரியாமல் திணறும்போது அவர்களைக் கேளுங்கள். கேட்ட பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதிவைத்து, அறிவியல் பெயரைப் பிறகு சரிபாருங்கள். வழிகாட்ட வருகிறவருக்கு ஒரு நாள் கூலியைத் திட்டச் செலவிலேயே எழுதுங்கள். அறிக்கையில் நன்றி சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருவது நாகரிகம் இல்லை.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வேலை என்றால் யானை நடமாட்டம் பற்றி அன்றைய தகவலைக் கேட்காமல் ஏறாதீர்கள். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் கௌண்டன்யா சரணாலயம். ஒரு மரத்துக்கு மதிப்பெண் போடுவதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

டிரோனுக்கு 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் பொருந்தும். 250 கிராமுக்குள் இருந்தால் நானோ வகை, நடைமுறை எளிது. எதுவானாலும் பறக்கும் முன் எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். வேலூரில் அப்துல்லாபுரம் விமான நிலையம், அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளம் இருக்கின்றன. காப்புக்காட்டின் மேல் பறக்க வனத்துறை அனுமதி தனி. பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள். எங்கள் குழு ஒரு டிரோனைப் புளியமரத்தின் உச்சியிலிருந்து கொம்பு வைத்துத் தட்டி எடுத்திருக்கிறது.

காட்டில் ஒரு நாள்

வரைபடத்தில் சிவப்பாக இருக்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். பச்சையாக இருக்கிற இடத்துக்கும் அதே எண்ணிக்கையில் போங்கள். சாலையோரப் புள்ளிகளாகவே எடுக்கிற சோம்பலை முன்கூட்டியே தடுக்க, வீட்டில் உட்கார்ந்து குலுக்கல் முறையில் புள்ளி போட்டுக்கொண்டு போவது நல்லது. பாறை உச்சியில் விழுந்த புள்ளியை விட்டுவிடலாம். ஏன் விட்டீர்கள் என்று எழுதிவைத்தால் போதும்.

ஒவ்வொரு மரத்திலும் எழுத வேண்டியவை: மரத்தின் பெயர், மார்பளவுச் சுற்றளவு, தலைப்பகுதி மதிப்பெண், பக்கத்து மரங்கள் எவை, தீத்தழும்பு உண்டா, தழை ஒடித்த அடையாளம் உண்டா, புல்லுருவி உண்டா. கடைசி மூன்றையும் எழுதாத களக்குறிப்பை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மரத்தடியில் ஜிபிஎஸ் ஐந்து முதல் பத்து மீட்டர் வரை ஆடும். இரண்டு மூன்று நிமிடம் நின்று சராசரி எடுங்கள், ஜிபிஎஸ் காட்டிய பிழை அளவையும் எழுதுங்கள்.

மாதிரி எடுக்கும்போது முழுசாகக் காய்ந்த குச்சியை ஒடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அது செத்த இடம். அங்கே பின்னால் வந்து குடியேறிய பூஞ்சைகள்தான் இருக்கும். காய்ந்ததும் பச்சையும் சந்திக்கிற எல்லையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள், இல்லையென்றால் நோயைப் பரப்புகிற பூச்சி நீங்கள்தான். பூஞ்சை சோதனைக்குப் போவதைக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து, ஆய்வகத்துக்குப் போவதற்குள் வேறு பூசணம் பூத்துவிடும். மரபணு சோதனைக்குப் போவது ஐஸ் பெட்டியில். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மலைப்பனியில் கரைந்து, மரம் 14-ம் மரம் 19-ம் ஒன்றாகிவிடும்.

சந்தனம்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜவ்வாது மலை என்றால் சந்தனம். திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. அந்த மரத்தின் எமன் ஸ்பைக் நோய். 1899-இல் குடகில் முதலில் கண்டார்கள். பல காலம் வைரஸ் என்று நினைத்திருந்தார்கள். 1969-இல்தான் நுண்ணோக்கியில் செல்சுவர் இல்லாத நுண்ணுயிர் தெரிந்தது. இன்று அதைப் பைட்டோபிளாஸ்மா என்கிறோம். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வழியாகப் பரவுகிறது. நோய் பிடித்த கிளையில் இலைகள் சின்னதாகி, வெளிறி, நெருக்கமாகக் குத்திட்டு நிற்கும். கணுக்களுக்கு இடையே இடைவெளி குறுகிவிடும். பூவும் காயும் வராது. சில சமயம் ஒரே ஒரு கிளையில் மட்டும் தொடங்கும். அறிகுறி தெரிந்த மரம் பெரும்பாலும் ஓரிரு வருடங்களில், மிஞ்சினால் மூன்றில் போய்விடும்.

ஆகாயத்திலிருந்து சந்தனத்தைத் தேடுகிறவருக்கு ஒரு சாதகம் உண்டு. அது இலையுதிர்க்காத மரம். மார்ச் மாதத்தில் சுற்றியுள்ள மரங்கள் மொட்டையாக நிற்கும்போது டிரோன் படத்தில் பச்சைப் பொட்டுகளாகத் தெரியும். ஓடையோரத்து நாவலும் புங்கனும் அதே மாதத்தில் பச்சையாகத்தான் இருக்கும், அவற்றைக் கழிக்க வேண்டும். அதோடு, சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி நீரும் சத்தும் வாங்குகிறது. பக்கத்து மரம் வாடினால் சந்தனமும் வாடும். ஆகவே சந்தனம் மட்டும் உள்ள தரவு அரைத் தரவு. அதன் அண்டை வீட்டுக்காரர் யார் என்பதும் அட்டவணையில் இருக்க வேண்டும். முடிவாக ஸ்பைக் என்று எழுதும் உரிமை பிசிஆர் என்கிற மரபணுச் சோதனைக்குத்தான், நமக்கில்லை. சோதனை முடிவு வரும் வரை 'ஸ்பைக் போன்ற அறிகுறி' என்றே எழுதிப் பழகுங்கள்.

இனி சொல்வது முக்கியம். சந்தன மரங்களின் புள்ளிக்கோப்பு என்பது திருடனுக்குப் புதையல் வரைபடம். நோயுள்ள மரம் என்று குறித்திருந்தாலும் அவனுக்குக் கட்டை கட்டைதான். கோப்பைக் கடவுச்சொல்லோடு வையுங்கள். அறிக்கையில் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகத் திரட்டிக் காட்டுங்கள், புள்ளியாக வேண்டாம். போட்டோவுக்குள் இடக்குறி ஒளிந்திருக்கும். வாட்ஸ்ஆப் குழுவில் ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கருத்தரங்கில் திரையில் பெரிதாக்கிக் காட்டும்போதுகூட எந்த மலை, எந்த வளைவு என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முழுக் கோப்பையும் பொது இணைப்பில் மூன்று நாள் திறந்து வைத்திருந்தார்கள். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டோம். நம்பிக்கை என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது என்று அதைத் திறந்து வைத்தவரிடம் நான் சொன்னதில், இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

95 சதவீதம் என்று சொன்னால்

களத்தரவு சேர்ந்த பிறகு ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற கணினிக்கற்றல் முறையில், எந்த மரத்துக்கு நோய் என்று கணிக்கும் மாடல் உருவாக்குவது ஒரு பிற்பகல் வேலை. அது சொல்வதை நம்பலாமா என்று பார்ப்பதுதான் மாதக்கணக்கு. 400 மரங்களில் 20-க்கு நோய் என்று வையுங்கள். 'எல்லா மரமும் நலம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாடலுக்கும் 95 சதவீதத் துல்லியம் வரும். ஆகவே மொத்தத் துல்லியத்தைக் காட்டிப் பெருமைப்படாதீர்கள். நோயுள்ள 20-இல் எத்தனையைப் பிடித்தது, நோய் என்று அது கைகாட்டியவற்றில் எத்தனை உண்மை என்ற இரண்டையும் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி: ஒரே தோப்பின் பாதி மரங்களைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் எடுப்பது. பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. அமிர்தியில் பயிற்றுவித்து ஆலங்காயத்தில் சோதித்துப் பாருங்கள். எண் விழும். விழுந்த எண்ணையே எழுதுங்கள்.

படிப்பும் பிழைப்பும்

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் படித்து வரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் புவித்தகவலியல் படித்து வரலாம். தாவரவியலோ புவியியலோ படித்துவிட்டும் வரலாம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி இலவசப் பயிற்சி நடத்துகிறது, சான்றிதழும் தரும். முதலில் அதை முடியுங்கள். மரநோய்ப் பக்கம் கோயம்புத்தூரின் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், பெங்களூரின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டின் வேலை அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். அந்தந்தத் திட்டம் இருக்கும்வரைதான் அந்த வேலை. 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தாளில் அப்படி இருக்கும்; நிதி வந்து சேர நாலு மாதம் ஆன திட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது வண்ண வரைபடம் எல்லோரும் கொண்டுவருவார்கள். நீங்கள் அந்த முப்பது வேப்பமரங்களின் நோட்டைக் கொண்டுபோங்கள். எங்கள் திட்டத்துக்கு ஆள் எடுத்தபோது காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்படி ஒரு நோட்டோடு வந்தார். மழையில் நனைந்து உப்பிய தாள்கள். புரட்டிக்கொண்டே வந்து, "பதினேழாவது மரம் ஐப்பசியில ஒரேயடியா 4-க்குப் போயிருக்கே, அவ்வளவு வேகமா கருகுமாம்மா?" என்று கேட்டேன்.

"அது கருகல் இல்ல சார். ஆடு கட்டுற வீட்டு மரம், தீபாவளிக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி தழை ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஓரத்துல சின்னதா எழுதியிருக்கேன் பாருங்க" என்றார்.